குரூப் தியரியில் எங்கே மாட்டிக்கொண்டீர்கள்? அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

ஆனர்ஸ் கணிதத்தில் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெல்லி பல்கலைக்கழகமோ, சிறுசேரியில் இருக்கும் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டோ, யாழ்ப்பாணமோ, பேராதனையோ, எங்கே படித்தாலும் பாதை கிட்டத்தட்ட ஒன்றுதான். குரூப், சப்குரூப், கோசெட், லக்ராஞ்ச் தேற்றம், நார்மல் சப்குரூப், கோஷண்ட் குரூப், ஐசோமார்ஃபிசம் தேற்றங்கள், குரூப் ஆக்‌ஷன், கடைசியில் சைலோ. மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

டியூட்டோரியலில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு விஷயம் உண்டு. சிக்கல் எங்கே தெரிகிறதோ அங்கே பிழை இருப்பது அபூர்வம். சைலோ வரவில்லை என்று வருபவருக்கு ஆக்‌ஷனில் ஓட்டை இருக்கும். கோஷண்ட் குரூப் புரியவில்லை என்பவர் கோசெட்டைக் கையால் ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

"வகுப்பில் எல்லாம் புரிகிறது, வீட்டுக்கணக்கில் முதல் வரியே வரவில்லை"

முதலில் ஒரு சோதனை. புத்தகத்தை மூடிவிட்டு, அந்தக் கணக்கில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறையை எழுதுங்கள். "எல்லா உறுப்புக்கும்", "ஏதோ ஓர் உறுப்புக்கு" என்பவை எங்கே வருகின்றன என்பதும் சரியாக இருக்க வேண்டும். நார்மல் சப்குரூப் என்றால் "இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும்" என்று எழுதினால் அது வரையறை ஆகாது. எதன் இரண்டு பக்கம், எந்த உறுப்புக்கு, உறுப்புக்கு உறுப்பு சமமா, கணத்துக்குக் கணம் சமமா? இதற்குப் பதில் இல்லாமல் நிறுவல் தொடங்காது.

பள்ளிக் கணிதத்தில் வரையறையை மேலோட்டமாகத் தெரிந்துகொண்டு சூத்திரத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். இந்தப் பாடத்தில் சூத்திரமே கிடையாது. உங்களிடம் இருக்கும் கருவி வரையறை மட்டும்தான்.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குரூப்பில் ஒவ்வோர் உறுப்பையும் தன்னோடு தானே பெருக்கினால் சமனி (அதை 1 என்று எழுதுவோம்) கிடைக்கிறது. அந்தக் குரூப் பரிமாற்றுப் பண்பு உடையது என்று நிறுவ வேண்டும். பலர் கொடுக்கப்பட்டதையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கீழே இருந்து தொடங்குங்கள். நிறுவ வேண்டியது: எந்த இரண்டு உறுப்புகள் அ, ப எடுத்தாலும் அப = பஅ. சரி, கொடுக்கப்பட்ட விதியை எந்த உறுப்பின் மேல் பிரயோகிப்பது? அ மேல் போட்டால் ப வராது, ப மேல் போட்டால் அ வராது. இரண்டும் வர வேண்டும் என்றால் அப என்ற பெருக்கலின் மேல்தான் போட வேண்டும். அபஅப = 1. இடப்பக்கம் அ-வாலும் வலப்பக்கம் ப-வாலும் பெருக்கினால், அஅ என்பதும் பப என்பதும் 1 ஆகி மறைந்துவிடும். மிச்சம் பஅ = அப. முடிந்தது.

இதில் புத்திசாலித்தனமான படி எதுவும் இல்லை. "எல்லா உறுப்புக்கும்" என்ற விதி கையில் இருக்கும்போது, எந்த உறுப்பைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான். முதல் மாத வீட்டுக்கணக்குகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியாலேயே திறக்கும்.

"என் விடை புத்தகத்து விடைக்குத் தலைகீழாக வருகிறது"

பெரும்பாலும் நீங்கள் தப்புச் செய்திருக்க மாட்டீர்கள். பெர்மூட்டேஷன்களைப் பெருக்கும்போது சிலர் வலமிருந்து இடம் போவார்கள், சிலர் இடமிருந்து வலம். (1 2) என்றால் 1-ம் 2-ம் இடம் மாறுவது, (1 2 3) என்றால் 1 போய் 2, 2 போய் 3, 3 போய் 1 ஆவது. (1 2)(1 3) என்பதைக் கணக்கிடுங்கள். வலப்பக்கத்தை முதலில் செய்தால் (1 3 2) வரும். இடப்பக்கத்தை முதலில் செய்தால் (1 2 3) வரும். ஆசிரியர் எது, புத்தகம் எது, இணையத்தில் பார்க்கும் குறிப்பு எது என்று இந்த ஒரே பெருக்கலை வைத்துக் கண்டுபிடித்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் வலப்பக்கம்தான் முதலில்.

இதேபோல் சதுரத்தின் சமச்சீர்களின் குரூப்பைச் சிலர் டி₄ என்பார்கள், சிலர் டி₈ என்பார்கள். முதலாமவர் எண்ணுவது மூலைகளை, இரண்டாமவர் எண்ணுவது உறுப்புகளை. குரூப் ஒன்றேதான், ஆர்டர் (அதாவது உறுப்புகளின் எண்ணிக்கை) 8.

"கோஷண்ட் குரூப் என்றாலே தலை சுற்றுகிறது"

இந்தப் பாடத்தில் அதிகம் பேர் விழும் இடம் இது. இங்கே நிதானமாக நிற்கத்தான் வேண்டும்.

பிழையைக் கோஷண்டில் தேடாதீர்கள். ஒரு படி பின்னால், கோசெட்டில் தேடுங்கள். 1, 2, 3 என்ற மூன்று எண்களை இடம் மாற்றும் ஆறு பெர்மூட்டேஷன்களின் குரூப், எஸ்₃, போதும். அதில் சமனியான 1, (1 2) என்ற இரண்டே உறுப்புள்ள சப்குரூப்பை எடுங்கள்.

இடக் கோசெட்டுகளைப் போடுவோம். (1 2 3) என்பதை இடப்பக்கம் வைத்துப் பெருக்கினால் (1 2 3), (1 3) என்ற ஜோடி கிடைக்கும். (1 3 2) என்பதை வைத்துப் பெருக்கினால் (1 3 2), (2 3). சப்குரூப்பையும் சேர்த்து மூன்று ஜோடிகள், ஆறு உறுப்புகளும் வந்துவிட்டன. இப்போது வலக் கோசெட். (1 2 3) என்பதை வலப்பக்கம் வைத்தால் (1 2 3), (2 3). ஜோடி மாறிவிட்டது. முன்பு (1 2 3)-க்குத் துணையாக (1 3) இருந்தது, இப்போது (2 3) இருக்கிறது. ஆக, இந்தச் சப்குரூப் நார்மல் இல்லை.

சரி, நார்மல் இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகிறது? இங்கேதான் பலர் "தேற்றம் அப்படிச் சொல்கிறது" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். கோசெட்டுகளையே பெருக்கிப் பாருங்கள். முதல் ஜோடியிலிருந்து ஒரு பிரதிநிதி, இரண்டாவது ஜோடியிலிருந்து ஒரு பிரதிநிதி எடுத்துப் பெருக்கி, விடை எந்த ஜோடியில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் ஜோடியிலிருந்து 1 எடுத்து (1 2 3)-ஐப் பெருக்கினால் (1 2 3), அது இரண்டாவது ஜோடியில் இருக்கிறது. அதே முதல் ஜோடியிலிருந்து (1 2) எடுத்து (1 2 3)-ஐப் பெருக்கினால் (2 3), அது மூன்றாவது ஜோடியில் இருக்கிறது. அதே இரண்டு கோசெட்டுகள், ஆனால் யாரைப் பிரதிநிதியாக அனுப்பினோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. இப்படி மாறும் ஒன்றைப் பெருக்கல் என்று சொல்லவே முடியாது.

இனி 1, (1 2 3), (1 3 2) என்ற மூன்று உறுப்புள்ள சப்குரூப்பை எடுத்து இதையே செய்யுங்கள். இடக் கோசெட்டும் வலக் கோசெட்டும் ஒன்றாக இருக்கும். யாரை அனுப்பினாலும் விடை ஒரே கோசெட்டில் விழும். இரண்டு கோசெட்டுகள், அவற்றுக்கு இரண்டுக்கு இரண்டு பெருக்கல் அட்டவணை. அந்த அட்டவணைதான் கோஷண்ட் குரூப். உறுப்புகள் கணங்களாக இருக்கின்றனவே என்ற பயம் இந்த அட்டவணையைக் கையால் எழுதிய பிறகு போய்விடுகிறது. எழுதாமலே அந்தப் பயம் போன யாரையும் நான் பார்த்ததில்லை.

இடமும் வலமும் ஒத்துப்போவதுதான் விஷயத்தின் உயிர் என்பதை முதலில் கண்டவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கால்வா. 1832 மே 29 அன்று, துப்பாக்கிச் சண்டைக்கு முந்தைய இரவில், நண்பர் ஒகுஸ்த் செவாலியேவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு குரூப்பை இரண்டு விதமாகப் பிரிக்கலாம் என்றும், இரண்டு பிரிவினைகளும் ஒன்றாக அமைவது தனிச்சிறப்பான நிலை என்றும் எழுதியிருக்கிறார். நாம் மேலே எஸ்₃-இல் போட்ட இரண்டு ஜோடிக் கணக்கும் அதே யோசனைதான். அப்போது அவருக்கு 20 வயது. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் வயது.

"'வெல் டிஃபைண்ட் என்று காட்டவில்லை' என்று மதிப்பெண் போய்விட்டது"

கோஷண்டிலிருந்து சார்பு வரையறுக்கும்போதெல்லாம் இது வரும். மாடுலோ 12 எண்களிலிருந்து மாடுலோ 5 எண்களுக்கு "எண்ணை அப்படியே அனுப்பு" என்று ஒரு சார்பு எழுதிப் பாருங்கள். மாடுலோ 12-இல் 1-ம் 13-ம் ஒரே உறுப்பு. அந்தப் பக்கம் 1 போய் 1 ஆகிறது, 13 போய் 3 ஆகிறது. ஒரே உறுப்புக்கு இரண்டு விடை, ஆக அது சார்பே இல்லை. மாடுலோ 4-க்கு அனுப்பினால் சிக்கல் இல்லை, ஏனென்றால் 12-ஐ 4 மீதியில்லாமல் வகுக்கும்.

கோஷண்டிலிருந்து நேராகச் சார்பு எழுதுவதைத் தவிர்ப்பதே நல்ல வழி. ஒரு கோஷண்ட் இன்னொரு குரூப்புக்கு ஐசோமார்ஃபிக் என்று காட்டச் சொன்னால், பெரிய குரூப்பிலிருந்தே ஒரு ஹோமோமார்ஃபிசம் (பெருக்கலைக் கெடுக்காத சார்பு) எழுதுங்கள். அது எதிரில் உள்ள குரூப்பின் எல்லா உறுப்புகளையும் எட்டுகிறது என்று காட்டுங்கள். கெர்னலை, அதாவது சமனிக்குப் போகும் உறுப்புகளை, கண்டுபிடியுங்கள். மிச்சத்தை முதல் ஐசோமார்ஃபிசம் தேற்றம் பார்த்துக்கொள்ளும். நேர்மாறுள்ள மேட்ரிக்ஸ்களிலிருந்து டிட்டர்மினன்ட் எடுத்தால் பூஜ்ஜியமில்லாத மெய்யெண் வரும். கெர்னல் என்பது டிட்டர்மினன்ட் 1 உள்ள மேட்ரிக்ஸ்கள். இரண்டே வரியில் கோஷண்ட் என்ன என்று தெரிந்துவிட்டது, பிரதிநிதி பற்றிய பேச்சே எழவில்லை.

"'6 என்பது 12-ஐ வகுக்கும், எனவே ஆர்டர் 6 சப்குரூப் உண்டு' என்று எழுதினேன், சிவப்பு மை"

லக்ராஞ்ச் தேற்றம் ஒரு திசையில்தான் ஓடும். சப்குரூப் இருந்தால் அதன் ஆர்டர் குரூப்பின் ஆர்டரை வகுக்கும். வகுக்கும் எண் இருந்தால் சப்குரூப் இருக்கும் என்று அது சொல்லவே இல்லை.

இதற்கு ஏ₄ என்ற எதிர் எடுத்துக்காட்டை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பதில் வருவதில்லை. காரணம் சின்னதுதான். ஏ₄ என்பது நான்கு எண்களின் இரட்டைப் பெர்மூட்டேஷன்களின் குரூப், அதன் ஆர்டர் 12. ஆர்டர் 6 சப்குரூப் இருந்தால் இரண்டே கோசெட்டுகள், அதனால் அது நார்மல், கோஷண்டின் ஆர்டர் 2. ஆர்டர் 2 குரூப்பில் எதை வர்க்கப்படுத்தினாலும் சமனிதான் வரும். அதாவது ஏ₄-இல் உள்ள ஒவ்வொரு வர்க்கமும் அந்தச் சப்குரூப்புக்குள் இருந்தே ஆக வேண்டும். (1 2 3) என்பது (1 3 2)-இன் வர்க்கம். இப்படி மூன்று எண் சுழற்சி ஒவ்வொன்றும் தன் நேர்மாறின் வர்க்கமாக இருக்கும். ஏ₄-இல் அவை எட்டு. ஆறு இடத்தில் எட்டு உறுப்புகள் எப்படி உட்காரும்?

கவனியுங்கள், இந்த நிறுவலுக்கே கோஷண்ட் தேவைப்பட்டது. மேலே சொன்ன பகுதியைத் தாண்டி வந்தவர்களுக்கு இது காற்றில் மிதப்பது போலத்தான் இருக்கும்.

"இரண்டு குரூப்பும் ஒன்றா வேறா என்று எப்படிச் சொல்வது?"

வேறு என்று காட்டுவது எளிது, ஒன்று என்று காட்டத்தான் சார்பைக் கட்ட வேண்டும். ஆர்டர் 8-இல் மொத்தம் ஐந்து குரூப்புகள். ஓர் உறுப்பின் ஆர்டர் என்பது அதை எத்தனை தடவை எடுத்துப் பெருக்கினால் முதன்முதலாகச் சமனி வரும் என்ற எண். ஆர்டர் 2 உள்ள உறுப்புகளை எண்ணுங்கள். மாடுலோ 8-இல் ஒன்று. மாடுலோ 4-ஐயும் மாடுலோ 2-ஐயும் பெருக்கிய குரூப்பில் மூன்று. மாடுலோ 2-ஐ மூன்று முறை பெருக்கியதில் ஏழு. சதுரத்தின் சமச்சீர்களில் ஐந்து. குவாட்டர்னியன் குரூப்பில் ஒன்று. முதலும் கடைசியும் மோதுகின்றன, ஆனால் ஒன்று பரிமாற்றுப் பண்பு உடையது, மற்றது இல்லை. வேலை முடிந்தது.

இந்த எண்ணிக்கை ஒத்துப்போனால் குரூப்பும் ஒன்றுதான் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். மாடுலோ 3 எண்களை வைத்து, மூலைவிட்டத்தில் 1-களும் கீழே பூஜ்ஜியங்களும் உள்ள மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸ்களை எடுத்தால் ஆர்டர் 27 குரூப் வரும். சமனி தவிர 26 உறுப்புகளுக்கும் ஆர்டர் 3. மாடுலோ 3-ஐ மூன்று முறை பெருக்கிய குரூப்பிலும் அப்படியே. ஆனால் முதலாவது பரிமாற்றுப் பண்பு இல்லாதது.

கேப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சின்ன ஆர்டர் குரூப்புகளை எல்லாம் பட்டியல் போட்டுத் தரும். கையால் போட்ட பிறகு சரிபார்க்க அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கையால் போடுவதற்கு முன்னால் வேண்டாம்.

"சைலோ கணக்கில் எண்ணிக்கை இடிக்கிறது"

தேற்றத்தின் வாசகம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்: குரூப்பின் ஆர்டரை வகுக்கும் ஒரு பகா எண்ணின் மிகப்பெரிய அடுக்கை ஆர்டராகக் கொண்ட சப்குரூப்புகள் (சைலோ சப்குரூப்புகள்) உண்டு, அவற்றின் எண்ணிக்கை குரூப்பின் ஆர்டரை வகுக்கும், அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 தரும். லுட்விக் சைலோ 1872-இல் பத்துப் பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். அப்போது அவர் நார்வேயில் பள்ளி ஆசிரியர். 150 ஆண்டு கழித்தும் தேர்வில் கட்டாயம் ஒரு கேள்வி அவருடையது.

ஆர்டர் 30 எளிது. ஆர்டர் 5 சப்குரூப்புகள் 1 அல்லது 6, ஆர்டர் 3 சப்குரூப்புகள் 1 அல்லது 10. 6-ம் 10-ம் சேர்ந்து வந்தால், ஆர்டர் 5 உறுப்புகள் 24, ஆர்டர் 3 உறுப்புகள் 20, மொத்தம் 44. குரூப்பில் 30 பேர்தான். எனவே ஒன்றாவது தனியாக இருக்கும், நார்மலாக இருக்கும்.

இந்த முறை ருசித்துப் போனதும் எல்லா இடத்திலும் இதையே போடுவார்கள். ஆர்டர் 36-இல்தான் பிழை வெளிப்படும். ஆர்டர் 9 சப்குரூப்புகள் 1 அல்லது 4. நான்கு என்றால் 4 × 8 = 32 உறுப்புகள் என்று எழுதிவிடுவார்கள். அது தப்பு. ஆர்டர் 5 போன்ற பகா எண் ஆர்டர் சப்குரூப்புகள் இரண்டு சமனியில் மட்டும்தான் சந்திக்கும். ஆர்டர் 9 சப்குரூப்புகள் இரண்டு ஆர்டர் 3 அளவுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். அதனால் அந்த 32-ஐ நம்ப முடியாது.

எண்ணுவது கைவிட்டால் ஆக்‌ஷனைப் பிடியுங்கள். நான்கு சைலோ சப்குரூப்புகள் இருந்தால், குரூப் அவற்றைக் கான்ஜுகேஷனால் (ஒரு பக்கம் ஓர் உறுப்பாலும் மறுபக்கம் அதன் நேர்மாறாலும் பெருக்கி) இடம் மாற்றும். அதாவது எஸ்₄-க்கு ஒரு ஹோமோமார்ஃபிசம் இருக்கிறது. எஸ்₄-இன் ஆர்டர் 24, நம் குரூப்பில் 36 பேர். ஒன்றுக்கு ஒன்றாகப் போக முடியாது, ஆகவே கெர்னலில் சமனியைத் தவிர வேறு யாரோ இருக்கிறார்கள். நான்கும் ஒன்றுக்கொன்று மாறுவதால் கெர்னல் முழுக் குரூப்பாகவும் இருக்க முடியாது. நார்மல் சப்குரூப் கிடைத்துவிட்டது.

இந்தப் பத்தியைப் படிக்கும்போது "இடம் மாற்றும்" என்ற இடத்திலேயே நின்றுவிட்டீர்கள் என்றால், சைலோவை மூடி வைத்துவிட்டு ஒரு லூடோ பகடையை எடுங்கள். ஒரு முகத்தைத் தேர்ந்தெடுங்கள். சுழற்றி அதை 6 இடங்களுக்குக் கொண்டுபோகலாம், அதை இடம் பெயராமல் வைத்துக்கொண்டு 4 விதமாகச் சுழற்றலாம். 6 × 4 = 24. ஒரு மூலையைப் பிடித்தால் 8 × 3. ஒரு விளிம்பைப் பிடித்தால் 12 × 2. உள்ளே ஓடும் நான்கு மூலைவிட்டங்களில் ஒன்றை எடுத்தால் 4 × 6. எதைப் பிடித்தாலும் 24 சுழற்சிகள்தான். ஆர்பிட் ஸ்டெபிலைசர் தேற்றம் இவ்வளவே. நான்கு மூலைவிட்டங்களும் இடம் மாறுவதைக் கவனித்தால், பகடையின் சுழற்சிகள் எஸ்₄-தான் என்பதும் கையிலேயே தெரியும். இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த அரைமணி நேரம் இதுதான், எந்த மாணவரோடு உட்கார்ந்தாலும்.

"வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டார்கள்"

ஆனர்ஸ் வகுப்பில் சிலர் ஒலிம்பியாட் பயிற்சியில் இதில் பாதியை ஏற்கெனவே பார்த்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் பதில் சொல்லும் வேகத்தை உங்கள் அளவுகோலாக வைக்காதீர்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இன்னொரு வார்த்தை: நிறுவலை முதலில் தமிழில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். யோசிப்பதையும் மொழிபெயர்ப்பதையும் ஒரே நேரத்தில் செய்தால் இரண்டுமே இடறும்.

"விடையைப் பார்த்தால் புரிகிறது, தானாக வரமாட்டேன் என்கிறது"

விடை இணையத்தில் கிடைக்கும் காலம் இது, பார்க்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பார்த்தால் முழுக்கப் பார்க்காதீர்கள். முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மூடுங்கள், அங்கிருந்து நீங்கள் நகருங்கள். முழுவதும் படித்துவிட்டீர்கள் என்றால், மறுநாள் வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். எங்கே நின்றதோ அந்த வரியில் எந்த நிபந்தனை பயன்பட்டது என்று பாருங்கள். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் எந்தச் சின்னக் குரூப்பில் கூற்று உடைகிறது என்று தேடுங்கள். எஸ்₃, டி₄, ஏ₄, குவாட்டர்னியன், மாடுலோ 12, இந்த ஐந்துக்குள் பெரும்பாலும் மாட்டும்.

அதன் பிறகும் நகரவில்லை என்றால் ஆசிரியரிடம் போங்கள். "சார், இந்தக் கணக்கு வரவில்லை" என்று மட்டும் சொல்லாமல், எழுதிய வரையறைகள், முயன்று பார்த்த சின்னக் குரூப், நின்றுபோன வரி, மூன்றும் உள்ள தாளைக் கொண்டுபோங்கள். அந்தத் தாளைப் பார்த்தால் எத்தனை படி பின்னால் போக வேண்டும் என்று அவரால் உடனே சொல்லிவிட முடியும்.